ஹவ் என்றால் ஆமாம்

லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் மதியச் சங்கு ஊதினால் முதலில் வெளியே வருவது சைக்கிள் மணிச் சத்தம்தான். நீலச் சட்டைகள் அதற்குப் பின்னால் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளி விடுமுறை நாட்களில், சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்பே ஷோபா கேட்டுக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவாள். கையில் அப்பாவின் டிபன் கேரியர் இருக்கும். அப்பா வேதாசலம் அரக்கோணத்துக்காரர். ரயில் பெட்டிகளுக்கு அடியில் படுத்து வேலை செய்கிற ஃபிட்டர். வெளியே வரும்போது முகத்தில் பாதி கறுப்பாக இருக்கும்.

சில நாட்களில் சாப்பாடு தாமதமாகும். அன்று கேட் மீட்டிங் இருக்கும். யூனியன் ஆட்கள் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறிப் பேசுவார்கள். ஒருவர் தெலுங்கில் பேசுவார், அடுத்தவர் உருதுவில், இன்னொருவர் தமிழில். யாரும் மொழிபெயர்க்க மாட்டார்கள், அதற்குத் தேவையும் இருந்ததில்லை. பேசி முடித்ததும் செயலாளர் கையை உயர்த்தி, "மஞ்சூர்?" என்று கேட்பார். சம்மதமா என்று அர்த்தம். அத்தனை பேரும் ஒரே குரலில் "ஹவ்" என்பார்கள். ஹைதராபாத்தில் ஹவ் என்றால் ஆமாம். எந்த ஊரிலிருந்து பிழைக்க வந்தவனுக்கும் இங்கே முதலில் ஒட்டிக்கொள்கிற சொல் அது. அரக்கோணமும் கரீம்நகரும் மராத்திப் பக்கத்து நாந்தேடும் அந்த ஒரு சொல்லில் ஒன்றாகிவிடும். யார் வாயிலிருந்து வந்தது என்று எந்த ஃபோர்மேனாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தக் கூட்டத்துக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. யாராவது "நக்கோ" என்றால், அதாவது வேண்டாம் என்றால், அவர் பெட்டிமேல் ஏறிக் காரணம் சொல்ல வேண்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. ஒருமுறை மதியச் சங்கை அரை மணி நேரம் தள்ளி வைக்கலாமா என்று கேட்டபோது வேதாசலம் நக்கோ என்றார். பெட்டிமேல் ஏற்றினார்கள். "லேட்டா வந்தா சோறு ஆறிப்பூடும். என் சம்சாரம் ரெண்டு தபா அடுப்பு மூட்டமாட்டா. உங்க வூட்ல மூட்டுவாங்களா, போய்க் கேட்டுக்கினு வாங்க" என்றார். கூட்டம் சிரித்தது. சங்கு பழைய நேரத்திலேயே இருந்தது. அப்பா ஊரையே ஜெயித்துவிட்டதாக ஷோபாவுக்கு அன்று தோன்றியது. பிறகு அவர் கை கழுவிக்கொண்டு வந்து, ரசத்தில் உப்பு குறைவு என்றார்.

ஷோபாவுக்குக் கல்யாணமானது பேகம்பேட் ஏர்போர்ட்டில் காண்டிராக்டில் டிராலி தள்ளிய மணிவண்ணனுடன். அந்த நாட்களில் அவர்கள் வீட்டு நேரமே விமானங்களின் நேரம்தான். துபாய் விமானம் வந்தால் மணிவண்ணன் வீடு திரும்பத் தாமதமாகும். பெட்டிகளோடு வந்திறங்குகிறவர்கள் பெருகப் பெருக அவருக்கும் வேலை பெருகியது. அப்படிப் பெருகித்தான் ஏர்போர்ட் பேகம்பேட்டில் கொள்ளாமல் ஷம்ஷாபாத்துக்குப் போனது. அங்கே டிராலியைப் பயணிகளே தள்ளிக்கொண்டார்கள். மணிவண்ணன் வேலை போய் வீட்டுக்கு வந்துவிட்டார். அதே வருடம் ஷோபா நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் பேக்கிங் ஹாலில் சேர்ந்தாள். உலகம் ஒரு வாசலை மூடி இன்னொன்றைத் திறக்கிறது என்று மணிவண்ணன் சொன்னபோது, "திறந்த வாசல்ல நான்தான நிக்கிறேன், நீங்க இன்னா பேசறீங்க" என்றாள்.

ஹாலில் பொட்டு கூடாது, வளையல் கூடாது. தலைக்கு வலைத்தொப்பி, வாய்க்கு மாஸ்க். பெல்ட்டில் மாத்திரை ஸ்டிரிப்புகள் வரிசையாக வரும். காலியான குழி இருந்தால் எடுத்துப்போட வேண்டும், மற்றதை மடித்த தாளோடு அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டும். பெட்டியின் எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் பார்த்தவுடன் ஷோபாவுக்குத் தேசம் தெரியும். இது ருஷ்யா, இது பிரேசில். அரபிப் பெட்டி வந்தால் பக்கத்தில் நிற்கும் சபீனா எழுத்துக்கூட்டி வாசிப்பாள். சபீனாவின் அம்மா வாணியம்பாடிக்காரி. மதரசாவில் கற்ற எழுத்து அது. "ஓதாதடி, மாத்திரைக்கு மந்திரம் ஏறிடப் போவுது" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து தாயம்மாள் சீண்டுவார். தாயம்மாள் ஷோபாவைவிடப் பெரியவர், கணவரில்லாதவர், மூன்று பெண்களைக் கரையேற்றியவர். அந்த லைனில் அவருக்குப் பிடித்த ஒரே ஆள் சபீனா என்பது சபீனாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஷோபா வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருடம் தெலங்கானா தனி மாநிலமானது. நகரத்தில் எந்தத் தெருமுனையிலும் மேடை, எந்த மேடையிலும் மைக். வேலைக்கு வரும் வழியெல்லாம் பேச்சைக் கேட்டுக்கொண்டே வருவார்கள். கம்பெனி கேட்டைத் தாண்டினால் நான்கு பெண்கள் சேர்ந்து நின்றாலே சூப்பர்வைசர் வந்துவிடுவார். அந்தச் சமயத்தில்தான் இரண்டாம் ஷிஃப்ட் வேன் விஷயம் கிளம்பியது. இருட்டில் வேன் பெண்களை நாச்சாரம் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும், தெருக்களுக்குள் வராது. சபீனா மதியம் கேட்டருகே ஏழெட்டுப் பேரைக் கூட்டி, தெருமுனைவரை விடச் சொல்லிக் கேட்கலாமா என்றாள். அவ்வளவுதான் பேசினாள். மறுநாள் கேட்டில் அவள் தன் அடையாள அட்டையை மெஷினில் வைத்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் சிவப்பு. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. காண்டிராக்டர், வேலை வந்தால் கூப்பிடுகிறேன் என்றார்.

சில வாரங்கள் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். மருந்து வாங்குகிற கம்பெனி அனுப்பியவர். தங்களுக்கு மருந்து கட்டுகிறவர்கள் வாய்திறந்து பேச முடிகிறதா என்று பார்த்துப் போக ஆள் அனுப்பும் வழக்கம் அப்போதே வந்திருந்தது. அந்த ஊர்க் கடையில் மருந்து வாங்குகிறவர்கள் அதையெல்லாம் கேட்கிறார்களாம். இதைக் கேட்டபோது ஷோபாவுக்கு நம்பிக்கை வரவில்லை. தலைவலிக்காரன் மாத்திரையை விழுங்குவானா, இதையெல்லாம் விசாரிப்பானா?

கேண்டீனில் பெண்களை உட்காரவைத்தார்கள். கம்பெனி ஆட்கள் யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்பார். கூட வந்த ஹர்ஷிதா என்ற பெண் அதைத் தமிழிலும் தனக்குத் தெரிந்த இந்தியிலும் சொல்வாள். ஹர்ஷிதா சென்னைப் பெண், அன்று காலைதான் ஊருக்கு வந்தவள். குறை சொன்னதற்காக யாரையாவது வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்களா என்று கேட்டாள்.

பெயர் சொல்லிப் பேச எல்லோருக்கும் பயம். அட்டை யாருக்கு வேண்டுமானாலும் சிவப்பாகலாம். பின்வரிசையில் யாரோ மெதுவாக "ஹவ்" என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சொன்னார்கள். ஷோபாவும் சொன்னாள். தமிழில் கேட்டவளுக்குத் தமிழில் ஆமாம் என்று சொல்ல அவள் வாய்க்கு வரவில்லை. கூட்டமாகச் சம்மதம் சொல்வதென்றால் அவளுக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். ஹர்ஷிதா தலையாட்டிவிட்டு அதே கேள்வியை இன்னும் நிதானமாக விளக்கினாள். நிறுத்துவது என்றால் என்ன, குறை என்றால் என்ன. உறுதிப்படுத்திக்கொள்கிறாள் போல என்று நினைத்து இவர்கள் இன்னும் பலமாக ஹவ் என்றார்கள். அடுத்த கேள்விக்கும் அதுவே நடந்தது, அதற்கடுத்ததற்கும். வெளிநாட்டு அம்மாள் எழுதிக்கொண்டே இருந்தார். வெளியே வந்தபோது பெண்களுக்கு உடம்பு லேசாக இருந்தது. சொல்லிவிட்டோம், எல்லோரும் சேர்ந்து சொல்லிவிட்டோம்.

ஒரு மாதம் கழித்து, தொழிலாளர்களுக்கு மாதாமாதம் பயிற்சி வகுப்பு என்று அறிவிப்பு வந்தது. கேண்டீனில், சம்பள நேரத்தில், டீயும் பிஸ்கட்டும் உண்டு. நடத்த வந்தவள் ஹர்ஷிதா. சிரித்த முகத்தோடு தமிழில் ஆரம்பித்தாள்.

"போன தடவ நான் எதைக் கேட்டாலும் இங்கிலீஷ்ல 'ஹவ்? ஹவ்?'னு என்னையே திருப்பிக் கேட்டீங்க. உங்க உரிமைகளைப் பத்தி உங்களுக்கு எதுவுமே தெரியலைன்னு மேடம் ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருக்காங்க. அதனாலதான் எப்படின்னு சொல்லித்தர வந்திருக்கேன்."

முதலில் தாயம்மாள்தான் சிரித்தார். பிறகு ஒவ்வொரு பெஞ்சாகச் சிரிப்பு பரவியது. எதற்கென்று தெரியாமல் ஹர்ஷிதாவும் சேர்ந்து சிரித்தாள். ஷோபா சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். தாயம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "கைக்கு?" என்று காதில் கேட்டார். எதற்கு என்று அர்த்தம். "சொன்னா ஆர்டர் போயிடும். வாயை மூடு."

அன்று மாலை ஷோபா சபீனாவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். சபீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தையல் கடைக்காகப் பட்டன் கட்டிக்கொண்டிருந்தாள், கண் அதிலேயே இருந்தது.

"என் பேரைச் சொல்லி உங்களுக்கெல்லாம் பிஸ்கட் கெடைச்சுது. நல்லா இருந்துச்சாக்கா?"

அந்த ஒரு கேள்வி அடுத்த வகுப்புவரை ஷோபாவோடு லைனில் நின்றது. சொன்னால் சபீனாவுக்கு வழி பிறக்கலாம். வாங்குகிற கம்பெனி கோபித்துக்கொண்டு வேறு தேசத்துக்குப் போனால் மூன்று லைன் பெண்களின் வீட்டிலும் அடுப்பு அணையும். மருந்து கட்ட உலகத்தில் வேறு ஊர்களா இல்லை?

அடுத்த வகுப்பில் ஹர்ஷிதா ஒரு பயிற்சி கொடுத்தாள். நீங்களே ஒரு கூட்டம் நடத்திப் பாருங்கள், எதைப் பற்றியும் பேசலாம், நான் வெளியே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்தியதும் ஷோபா எழுந்தாள். அவளுக்குத் தெரிந்த கூட்டம் ஒன்றுதான். டீ கேன் வைத்திருந்த மரப்பெட்டியைக் காலி செய்து நடுவில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறாமல் பக்கத்தில் நின்று பேசினாள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஹர்ஷிதாவிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். "மஞ்சூர்?"

ஹவ் என்று பல குரல்கள் வந்தன. அவற்றின் மேலே ஒரு குரல் தனியாக, "நக்கோ."

"மேல வாங்க தாயம்மாக்கா. ஏன்னு சொல்லணும். சொல்லி முடிக்கிறவரைக்கும் யாரும் பேசக்கூடாது."

தாயம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்றால் திட்டுவார்கள் என்று நினைத்திருந்தார். இப்படி ஏற்றி நிறுத்துவார்கள் என்று நினைக்கவில்லை. ஷோபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மாஸ்க்கைக் கழற்றிக் கையில் சுருட்டினார்.

"எனக்கு அந்தப் புள்ள மேல கோவம்னு நெனைக்காதீங்க. உங்களவிட எனக்குத்தான் அவ இல்லாம பொழுது போவலை. ஆனா வெளியூர்க்காரங்க நம்ம வூட்டுச் சண்டையைத் தீர்க்க வரமாட்டாங்க. சண்டை இருக்கிற வூட்டுல சாமான் வாங்கமாட்டேன்னு போயிடுவாங்க. அவங்களுக்கு நூறு வூடு. நமக்கு இது ஒண்ணுதான்." கொஞ்சம் நிறுத்தினார். யாராவது குறுக்கிடுவார்கள் என்று பார்த்தார் போலிருக்கிறது. யாரும் பேசவில்லை. பேச இடம் இருந்ததால் மேலே பேசினார். "அவங்ககிட்ட சொல்றதுக்கு முன்னால நம்ம ஆளுகிட்ட சொல்லு. அந்தத் தமிழ்ப் பையன் இருக்கான்ல, அவன்கிட்ட. மொதல்ல அவன் சரிபண்ணட்டும். அப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லலாம், நானே ஹவ் சொல்றேன்."

முதலில் அந்தப் பையனிடம், பிறகு ஹர்ஷிதாவிடம் சொல்லலாமா என்று ஷோபா மறுபடி கேட்டாள். இந்த முறை நக்கோ இல்லை. ஹர்ஷிதா கதவைத் திறந்து, கூட்டம் எப்படிப் போனது என்று கேட்டாள். நன்றாகப் போனது என்றார்கள்.

தமிழ்ப் பையன் என்று தாயம்மாள் சொன்னது ஹெச்.ஆரில் இருந்த ஜெயந்த். இந்த ஊரிலேயே, மேற்கு மாரேட்பள்ளியில் பிறந்தவர். அப்பா ஏதோ மத்திய அரசு நிறுவனத்தில் இருந்தவர். ஷோபா போனபோது கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, சொல்லுங்கக்கா என்றார்.

"மாரேட்பள்ளில பொறந்து வளர்ந்தவர் நீங்க. ஹவ்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

ஜெயந்த் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தார். வெளிநாட்டு அம்மாளின் அறிக்கை கைக்கு வந்த அன்றே அவருக்குப் புரிந்திருக்கிறது. வீட்டில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்.

"தெரியும்க்கா."

"அப்போ ஏன் அவங்ககிட்ட சொல்லலை?"

"யாரும் என்னைக் கேக்கலையே."

"இப்ப நான் கேக்கறேன்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். வாங்குகிற கம்பெனிக்குத் தெரிந்தால் தலைமை அலுவலகம் தன்னைத்தான் முதலில் பிடிக்கும் என்றார். மிரட்டுகிறீர்களா என்று கேட்டார். இல்லை சார், அடுத்த வகுப்பில் ஹர்ஷிதாவிடம் அர்த்தம் சொல்லத்தான் போகிறோம், அதற்குமுன் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது என்றாள். முடிவு செய்தது யார் என்று கேட்டார். எல்லோரும் என்றாள். அப்படி ஒரு பதிலை அந்த அறையில் அவர் அதுவரை கேட்டதில்லை.

அடுத்த வாரம் காண்டிராக்டர் சபீனாவுக்குப் போன் செய்தார். கேட்டில் அட்டையை வைத்தபோது விளக்கு பச்சையாக எரிந்தது. முன்பு ஏன் எரியவில்லை என்று அப்போதும் யாரும் சொல்லவில்லை. தாயம்மாள் அவளைப் பார்த்து, "இளைச்சுப் போயிட்டே" என்று மட்டும் சொன்னார். சபீனா குண்டாகத்தான் ஆகியிருந்தாள்.

வகுப்பில் அர்த்தம் சொன்னபோது ஹர்ஷிதா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது. தான் என்னென்ன கேட்டோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"ஒருத்தரை நிறுத்தினாங்களான்னு கேட்டேனே. அதுக்குமா?"

"அதுக்கும்தாம்மா. இதோ உக்காந்திருக்கா. நீயே கேட்டுக்கோ." ஷோபா சபீனாவைக் காட்டினாள்.

ஹர்ஷிதா திருத்தி எழுதி அனுப்பினாள். ஆர்டர் போகவில்லை. பாராட்டும் வரவில்லை. தொழிலாளர்கள் தங்களுக்குள் ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கமிட்டி வைக்க வேண்டும் என்று மட்டும் பதில் வந்தது. ஷோபாவையும் சபீனாவையும் தேர்ந்தெடுத்தார்கள். வேன் தெருமுனைவரை போக ஆரம்பித்தது. அதன் பிறகான இரண்டு வருடங்களைப் பற்றி இப்போது பேசினாலும் ஷோபாவின் குரல் மாறும். கேண்டீனில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு நடத்திய கூட்டங்கள், தெலுங்கில் ஒருத்தி, உருதுவில் ஒருத்தி, சிரிப்பு, சண்டை, ஆறிப்போன டீ. அப்பா இருந்திருந்தால் டீ ஆறியதைத்தான் முதலில் சொல்லியிருப்பார் என்பாள்.

பிறகு ஆர்டர் பாதியானது. வேறெங்கோ மலிவாகக் கட்டித் தருகிறார்கள் என்றார் ஜெயந்த். தாயம்மாள் நம்பவில்லை. அந்த ஒரு சொல்லால்தான் போனது என்று அவர் சாகும்வரை சொல்லப்போவதாகச் சொன்னார், இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எது உண்மை என்று ஷோபாவுக்குத் தெரியாது. மூன்றாம் லைனை மூடினார்கள். பழைய காலமாக இருந்தால் ஒரு காலையில் பாதிப் பேருக்குச் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். இப்போது கமிட்டியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. பேசிப் பேசி, யாரையும் அனுப்ப வேண்டாம், ஒரு இடத்துக்கு இரண்டு பேர், வாரம் மாற்றி வாரம் என்று முடிவானது. பாதிச் சம்பளத்தில் எல்லோர் வீட்டிலும் கஷ்டம்தான். கொண்டாப்பூரில் வீட்டுவேலைக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் யாரும் வெளியே நிற்கவில்லை. தாயம்மாளும் சபீனாவும் ஒரே இடத்துக்கு ஜோடியானார்கள். சனிக்கிழமை ஷிஃப்ட் முடியும்போது சபீனா வந்து நிற்பாள், அந்த வாரம் பெல்ட் எங்கே சிக்கியது, எந்தப் பெட்டியின் மடிப்பு சரியில்லை என்று தாயம்மாள் சபீனாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்.

ஏறக்குறைய ஒரு வருடம் அப்படி ஓடியது. ஒரு திங்கட்கிழமை, ஷோபா அதுவரை பார்த்தறியாத எழுத்து அச்சிட்ட பெட்டிகள் வந்து இறங்கின. எந்தத் தேசம் என்று ஜெயந்த்துக்கே கம்ப்யூட்டரில் பார்த்துத்தான் சொல்லத் தெரிந்தது. புது மெஷின் போட்டு மூன்றாம் லைனைத் திறந்தார்கள். எல்லோரையும் ஒரே நாளில் வரச் சொன்னார்கள். தாயம்மாளும் சபீனாவும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். பழக்கம். இனி ஒருவர் மூன்றாம் லைனுக்குப் போகலாம் என்று ஷோபா சொன்னாள். நீ சின்னவள், நீ போ என்றார் தாயம்மாள். நீங்கள்தான் சீனியர், புது மெஷின் உங்களுக்குத்தான் என்றாள் சபீனா. இரண்டு பேரும் நகரவில்லை. பெல்ட் ஓட ஆரம்பித்த பிறகும், மாஸ்க்குக்குள் அந்த வாக்குவாதம் போய்க்கொண்டே இருந்தது.